கீழே இடது மூலையில் ஒரு கோடு

உள்ள வாங்க்கா. செருப்பு அங்கேயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. அந்த நாய் பக்கத்து வீட்டோடதுங்க, ஆரு வந்தாலும் கத்தும், கடிக்காது. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு காலு ஆடும். இக்கட்ட வாங்க. ஃபேன் போடட்டுங்களா?

மொதப் பஸ்ஸுக்கே ஏறிட்டீங்களா? அட கெரகமே. காங்கயம் வந்து, மாறி, சிங்காநல்லூர்ல எறங்கி, அங்கிருந்து சரவணம்பட்டிக்கு டவுன் பஸ்ஸு. ஞாயித்துக்கெழமை அதுவுமா உங்கள இப்படி அலைய விட்டுட்டா அந்தப் புள்ள. போன்லயே பேசியிருக்கலாம். சரி, வந்துட்டீங்க. காப்பி குடிங்க, சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க. வீட்டுல அவ கோயிலுக்குப் போயிருக்கறா, பதினோரு மணிக்கு வந்துருவா. அதுக்குள்ள பேசி முடிச்சுக்கலாமுங்க.

பாவாயி அக்கா, இல்லீங்களா? சுபிக்ஷா நேத்துக் கூப்பிட்டுச் சொன்னா. "அண்ணா, செம்மாண்டவலசுல இருந்து பால்வாடி டீச்சர் ஒருத்தங்க வருவாங்க, ஒரே ஒரு கையெழுத்துத்தான் கேப்பாங்க, போட்டுக் குடுத்துருங்க"ன்னா. ஒரே ஒரு கையெழுத்துத்தானாம். அவளுக்கு என்னுங்க, எங்க கம்பெனி வேலையை விட்டுட்டுப் போனவ, என்ன வேணும்னாலும் சொல்லலாம்.

குடுங்க, அந்த மனுவைப் பாக்கறேன். கண்ணாடி எங்க வெச்சேன்... இருக்குது, இருக்குது. "செம்மாண்டவலசு அங்கன்வாடி மையத்திற்கும் கல் குவாரியின் எல்லைக்கும் இடையிலான உண்மையான தூரம் 240 மீட்டர். விதிப்படி 300 மீட்டருக்குள் குவாரிக்கு அனுமதி இல்லை. ஆனால் வரைபடத்தில் 312 மீட்டர் எனக் காட்டப்பட்டதற்குக் காரணம், வரைபடத்தில் இருந்த அளவுகோல் தவறு என்பதை அதை உருவாக்கியவன் என்ற முறையில்..."

இங்கதானுங்க்கா எனக்கு இடிக்குது. அளவுகோல் தவறு. இதை எழுதினது யாரு? வக்கீலா? சும்மா எழுதிட்டாருங்க. அந்த அளவுகோல் என்னான்னு அவருக்குத் தெரியுமா? கோவிச்சுக்காதீங்க, உங்களச் சொல்லல. சித்த பொறுமையா கேளுங்க, உங்களுக்கே புரியும்.

போன வருஷம் தை கடைசில ஆரம்பிச்ச வேலைங்க. ஒரு துறைக்கு, பேரு வேண்டாம், கம்ப்யூட்டர்ல மேப்பு பண்ணிக் குடுக்கோணும். தெறந்தா வானத்துல இருந்து பாத்த மாதிரி ஊரு, ரோடு, கெணறு, வீடு எல்லாம் தெரியும். எங்க டீம்ல பதினோரு பேரு. ஆளாளுக்குப் பெரிய பெரிய வேலை. ஒருத்தனுக்குச் செயற்கைக்கோள் படம், ஒருத்தனுக்கு சர்வே நம்பர், ஒருத்தனுக்கு ரெண்டு எடத்தைத் தொட்டா தூரம் சொல்றது. எனக்கு என்ன குடுத்தாங்க தெரியுங்களா? மேப்புக்குக் கீழ, இடது மூலையில, சின்னதா ஒரு கோடு இருக்குமே, மேல "100 மீ"ன்னு போட்டு? அதுக்கு ஸ்கேல் பார்னு பேரு, உங்க மனுவுல அளவுகோல்னு போட்டிருக்கறது. அது.

"மௌலி, நீ அந்த ஸ்கேல் பாரை முடிச்சுரு. ரெண்டு நாள் வேலை"ன்னாரு ரகோத்தமன் சார். அவருதான் எங்களுக்கு லீடு. பதினாலு வருஷ அனுபவம். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

ஆறு வாரம் ஆச்சுங்க.

ஒரு கோட்டுக்கு ஆறு வாரமான்னுதான் நீங்களும் பாக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க. கேளுங்க. பூமி உருண்டை. மேப்பு தட்டை. உருண்டையைத் தட்டையாக்கினா எங்கயாவது இழுக்கும்ல? வடக்க போகப் போக இழுத்து விட்டுரும். நம்ம ஊருல நூறு மீட்டருக்கு எத்தன நீளம் கோடு போடறமோ, அதே நீளத்தைக் காஷ்மீர்ல போட்டா எம்பத்தஞ்சு மீட்டர் கூட வராது. அப்ப என்ன பண்ணோணும்? மேப்பை வடக்க தள்ளத் தள்ளக் கோடு தானா நீண்டுட்டே போகோணும். யாரும் கவனிக்க மாட்டாங்க. ஆனா நீளோணும். அதைப் பண்ணினேன். ரகோத்தமன் சார் பாத்துட்டு, "ஏம்ப்பா, நாம பண்றது மாவட்ட மேப்பு. இதுல காஷ்மீரே இல்லியே"ன்னாரு. இல்லைதான். அதுக்காகத் தப்பா இருக்கலாமா?

அப்பறம் நம்பரு. கோட்டு மேல நூத்தி முப்பத்தேழு மீட்டர்னு போட்டா யாருக்குங்க புரியும்? அம்பது, நூறு, எறநூறு, ஐநூறு, இப்படித்தான் வரோணும். அதுக்குத் தகுந்த மாதிரி கோடு சுருங்கி விரியோணும். போன்ல பாத்தாலும், பெரிய திரையில பாத்தாலும் மாறக் கூடாது. அப்பறம் தமிழ்ல "மீ" போட்டு அதுக்குப் பக்கத்துல புள்ளி வெக்கறதா வேண்டாமான்னு அதுக்கே ஒரு நாளு. நீங்க பால்வாடில புள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தர்றீங்க, உங்களுக்குத் தெரியும், சின்ன விஷயந்தான் எச்சு நேரம் தின்னும்.

எல்லாம் முடிச்சு ஒரு சனிக்கெழமை காலேஜ் கிரவுண்டுக்குப் போனனுங்க. அங்க ஓடறதுக்கு நூறு மீட்டர் ட்ராக் போட்டிருக்குது, சுண்ணாம்புக் கோடு. மேப்புல அதே ட்ராக்கைத் தெறந்து, என் கோட்டைக் கொண்டு போய் அதுக்கு மேல வெச்சுப் பாத்தேன். ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்துச்சு. முடியளவு வித்தியாசம் இல்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க்கா. பொய் சொல்லல. கிரவுண்டுல பந்து விளையாடிட்டு இருந்தவங்க யாருகிட்டயாவது காட்டலாமான்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அவகிட்டக் காட்டினேன். "கோடுதான?"ன்னா.

மேப்பைத் துறைக்கு ஒப்படைக்கறதுக்கு ஒரு கூட்டம் போட்டாங்க. ரகோத்தமன் சார் ஒவ்வொருத்தர் பேரா சொல்லிக் கை தட்டச் சொன்னாரு. செயற்கைக்கோள் படம் பண்ணினவனுக்குத் தட்டினோம். சர்வே நம்பருக்குத் தட்டினோம். கடைசில, "சின்னச் சின்ன வேலைகள் பண்ணின மத்த எல்லாருக்கும்"ன்னாரு. அதுல நானு. உங்களுக்கு இதெல்லாம் பெருசாத் தெரியாது. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

சுபிக்ஷாவா? சொல்றேன், சொல்றேன். அவளுக்குக் குடுத்த வேலை பிரிண்ட் பட்டன். மேப்புல ஒரு எடத்தைத் தெறந்து அந்தப் பட்டனை அமுக்கினா காகிதத்துல வரோணும். நல்ல புள்ளதான், கெட்டிக்காரி, இல்லைங்கல. ஒப்படைக்கறதுக்கு ஒரு வாரம் முந்தி எங்கிட்ட வந்தா. கையில ரெண்டு தாளு.

"அண்ணா, பெரிய தாள்ல பிரிண்ட் போட்டா மேப்பு பெருசாகுது, உங்க பார் மட்டும் பெருசாக மாட்டேங்குது."

"என் பார் சரியாத்தாம்மா இருக்குது. கிரவுண்டுல வெச்சே பாத்துட்டேன்."

"திரையில சரிதாண்ணா. தாள்ல பாருங்க."

"தாளு உன் சோலி. திரை என் சோலி."

அவ்வளவுதான் பேசினோம். இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

எங்க கம்பெனில ஒரு வழக்கம் இருக்குதுங்க. எதுனா குறை கண்டுபிடிச்சா அதை ஒரு பட்டியல்ல எழுதி, யாரு வேலையோ அவங்க பேருக்கு அனுப்பிருவாங்க. வெள்ளிக்கெழமை சாயங்காலத்துக்குள்ள அதைச் சரி பண்ணி மூடோணும். மூடலைன்னா, அன்னிக்கு நடக்கற மீட்டிங்குல பெரிய திரையில அவங்க பேரு செவப்புல வரும். பதினோரு பேரும் பாப்பாங்க. அந்த வேலை நடந்த எட்டு மாசமும் எம்பேரு ஒரு வாரங்கூட செவப்புல வந்ததில்லீங்க. ஒரு வாரங்கூட. டி.வி. பக்கத்துல இருக்குது பாருங்க கேடயம், அது அதுக்குத்தான் குடுத்தாங்க.

சுபிக்ஷா குறையை எழுதி எம்பேருக்கு அனுப்பினா. வெள்ளிக்கெழமை நாலு மணிக்கு. நாலு மணிக்கு அனுப்பினா ஒரு மனுசன் என்னுங்க பண்ணுவான்? "குறை அல்ல. வடிவமைத்தபடியே இயங்குகிறது"ன்னு எழுதி மூடிட்டேன். அதுவும் நெசந்தான், நான் வடிவமைச்ச மாதிரிதான் இருந்துச்சு. அடுத்த வாரம் மறுபடியும் தெறந்தா. மறுபடியும் மூடினேன். மூணாவது தடவை தெறந்தப்ப, அதை அவ பேருக்கே மாத்தி விட்டுட்டேன். அந்த வெள்ளிக்கெழமை அவ பேரு செவப்புல வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வேலையை விட்டுட்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க, அவளுக்கு வீட்டுல என்னமோ பிரச்சினை.

காப்பி ஆறுது பாருங்க. குடிங்க்கா.

தாள்ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கு யாராவது சரியாச் சொன்னாங்களா? நான் சொல்றேன். திரையில என் கோடு ஒரு விரல் நீளம்னு வெச்சுக்கங்க, நூறு மீட்டர். உங்க பால்வாடிக்கும் குவாரிக்கும் நடுவுல ரெண்டரை விரல் கூட இல்ல, எறநூத்தி நாப்பது மீட்டர். சரியா? பெரிய தாள்ல பிரிண்ட் போடறப்ப மேப்பு மட்டும் விரிஞ்சுருச்சு. உங்க பால்வாடியும் குவாரியும் தாள்ல தள்ளித் தள்ளிப் போயிருச்சு, மூணு விரலுக்கு மேல. என் கோடு அதே ஒரு விரல்தான், மூலையில அப்படியே நின்னுருச்சு. இப்ப அளந்தா? முன்னூத்திப் பன்னெண்டு.

கோட்டு மேல தப்பு இருக்குதுங்களா, சொல்லுங்க? கோடு நகரவே இல்லீங்க. நகர்ந்தது மேப்பு.

அப்பறம் குவாரிக்கு அனுமதி குடுக்கற ஆபீசுல பண்ணின கூத்தைக் கேளுங்க. கம்ப்யூட்டர்லயே ரெண்டு எடத்தைத் தொட்டா தூரம் தானா வரும், அது சரியாத்தான் காட்டும். அதைத் தொடல. தாள்ல பிரிண்ட் எடுத்து, பள்ளிக்கூடப் புள்ளைக வெச்சிருக்கற பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, மொதல்ல என் கோட்டை அளந்திருக்காங்க, ரெண்டரை சென்டிமீட்டர். அப்பறம் பால்வாடிக்கும் குவாரிக்கும் நடுவுல, ஏழு சென்டிமீட்டர் எட்டு மில்லி. பெருக்கி வகுத்து முன்னூத்திப் பன்னெண்டுன்னு போட்டு, சீல் வெச்சு, ஃபைல்ல கோத்துட்டாங்க. ஃபைலுக்குக் காகிதம் வேணுமுங்களே.

நீங்க அளந்தீங்களா? எதுல? தாம்புக் கயித்துலயா? ஊரே சேர்ந்து புடிச்சுட்டு நடந்தீங்களா, கரட்டுல முள்ளுக்குள்ள? அட சாமி. எவ்வளவு வந்துச்சு? எறநூத்தி முப்பத்தெட்டு. பாருங்க! ரெண்டே மீட்டர் வித்தியாசம். கயித்துல அது பெரிய விஷயமுங்க. நெசமாவே மெச்சறேன். ஆனா கயித்துக்கு யாரு சீல் வெப்பாங்க? அதான் அந்த ஆபீசர் அப்படிச் சொல்லிட்டாரு. "மேப்பு தப்புன்னு மேப்பு பண்ணினவன் எழுதிக் குடுக்கட்டும், செவ்வாய்க்கெழமை விசாரணைல வெக்கறேன், இல்லாட்டி சீல் வெச்சது வெச்சதுதான்"ன்னு. செவ்வாயோட சரி, அதுக்கு மேல அப்பீல் இல்ல. சுபிக்ஷா சொன்னா. அவளும் எழுதிக் குடுத்தாளாம். "அந்தப் பொண்ணு சண்டை போட்டுட்டுப் போனது, அது பேச்சை எடுக்காதீங்க"ன்னு எங்க கம்பெனில இருந்து பதில் போயிருச்சாம். அந்தப் பதிலை எழுதினது ரகோத்தமன் சாரு. நான் இல்லீங்க. படிச்சுப் பாத்துச் சரியான்னு சொல்லச் சொன்னாரு, சரின்னு சொன்னேன், அவ்வளவுதான்.

என்னுங்க?

எத்தனை புள்ளைக? பத்தொம்பதா. ரெண்டு மணிக்கா வெடி வெக்கறாங்க? வாரத்துல மூணு நாளா? அது அவங்க தூங்கற நேரமாச்சே. கூரைக் காரை எப்ப விழுந்துச்சு? பாய் மேலயேவா? புள்ளைக கை கழுவப் போயிருந்தாங்களா. நல்ல நேரமுங்க. ஆண்டவன் இருக்கறான்.

அந்தச் சின்னது வெடிச் சத்தங் கேட்டா பாய்லயே ஒண்ணுக்குப் போயிருதா? மூணு வயசுதான. சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டு மணிக்கு முந்தி காதுல பஞ்சு வெச்சு விட்டா என்னுங்க? இல்லாட்டித் தூங்க வெக்கறதை மூணு மணிக்கு மாத்திக்கலாமே. சும்மா ஒரு யோசனைதான். மாத்திப் பாத்துட்டீங்களா. சரி.

நான் ஒண்ணுமே பண்ணலைன்னு நெனைச்சுக்காதீங்க்கா. அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த வருஷம் ஆவணி மாசம் சுபிக்ஷா அந்த சீல் வெச்ச மேப்பை வாட்சப்புல அனுப்பினா. ஒண்ணும் எழுதல, படம் மட்டும். பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுருச்சு. மளார்னு கம்ப்யூட்டரைத் தெறந்தேன், மத்தியானச் சோத்துக்குக் கூட எந்திரிக்கல. மூணே வரிங்க. மூணு வரி மாத்தினேன், தாளு விரிஞ்சா கோடும் கூடவே விரியற மாதிரி. இருவது நிமிசம் ஆச்சு. அன்னிக்கு இருந்து எந்தத் தாள்ல போட்டாலும் சரியா வருது. யாரும் சொல்லிப் பண்ணல. உங்க ஊருக்காகத்தான் பண்ணினேன்.

யாருகிட்டச் சொன்னனா? யாருகிட்டங்க சொல்லோணும்? மாத்தினா என்ன மாத்தினோம்னு ஒரு வரி எழுதி வெக்கோணும், அது எங்க வழக்கம். எழுதி வெச்சேன். "சிறு அழகுத் திருத்தம்"னு.

இல்லீங்க்கா, பொய்யின்னு சொல்ல முடியாது. கோடு முந்திக்கு இப்ப அழகாத்தான் இருக்குது.

அதுக்கு முந்தி பிரிண்ட் எடுத்ததெல்லாமா? உங்க ஊருது மட்டும் இல்லதான். முன்னூறு, நானூறு இருக்கும். எந்தெந்த ஊருன்னு எனக்கு எப்படித் தெரியும்? குவாரிக்கு, கெணத்துக்கு, கோழிப் பண்ணைக்கு, எதெதுக்கோ எடுத்திருப்பாங்க. அதையெல்லாம் நெனைச்சா மனுசன் தூங்க முடியுங்களா. நான் நெனைக்கறதில்ல.

அதனால இந்த வாசகத்துக்கு என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க. "அளவுகோல் தவறு"ன்னு போட்டா, நான் கிரவுண்டுல நின்னு பாத்தது என்ன ஆகறது? ஆறு வாரம் என்ன ஆகறது? நாளைக்கு யாராவது கேட்டா, ஓ, அந்தத் தப்புக் கோடு போட்டவனான்னு கேக்க மாட்டாங்களா? "அளவுகோல் சரி, அச்சு தவறு"ன்னு இருந்தா வேற விஷயம்.

மாத்திக்கலாங்கறீங்களா? நான் எப்படி எழுதினாலும் சரிங்களா? வக்கீல் ஒண்ணும் சொல்ல மாட்டாரா? அட, நீங்க இவ்வளவு லேசா ஒத்துக்குவீங்கன்னு நான் நெனைக்கல. பேனா வெச்சிருக்கீங்களா, குடுங்க.

"அளவுகோல் தவறு" அடிச்சாச்சு. "திரையில் அளவுகோல் முற்றிலும் சரியாக இருந்தது." இதை மொதல்ல போட்டுக்கறேன். "பெரிய தாளில் அச்சிடும்போது மட்டும் வரைபடம் விரிந்து, அளவுகோல் விரியாமல் நின்றுவிட்டது." நல்லா இருக்குதுங்களா? ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும். "இக்குறை பின்னர்..." பின்னர் என்னிக்குன்னு கேட்டிருக்காரு வக்கீல். இதா, தேதிக்குக் கட்டம் போட்டு வெச்சிருக்காரு. "குறை திருத்தப்பட்ட நாள்."

தேதி எதுக்குங்க?

இல்ல, புரியுதுங்க. தேதி இருந்தாத்தான் உங்க மேப்பு அதுக்கு முந்தி எடுத்ததுன்னு காட்ட முடியும். புரியுது. ஆனா தேதியைப் போட்டா, அன்னிக்கு என்ன மாத்தினாங்கன்னு கம்பெனில எடுத்துப் பாப்பாங்க. "சிறு அழகுத் திருத்தம்"னு இருக்கும். கீழ எம்பேரு இருக்கும். அதுக்குக் கீழ சுபிக்ஷா எழுதின குறை, நான் மூடினது, அவ தெறந்தது, நான் மூடினது, எல்லாம் வரிசையா இருக்கும். அழியாதுங்க அதெல்லாம். நான் அழிச்சுப் பாத்தேன், அழியல.

இருங்க்கா. பேனாவைக் கீழ வெச்சுட்டேன்னு கையெழுத்துப் போட மாட்டேன்னு அர்த்தம் இல்ல. சித்த யோசிக்கறேன்.

போன மாசந்தான் என்னை லீடு ஆக்கினாங்க. இப்ப எனக்குக் கீழ ஆறு பேரு. வெள்ளிக்கெழமை திரைக்குப் பக்கத்துல நான் நிக்கறேன். முப்பத்தஞ்சு வயசுல இந்த வேலை போச்சுன்னா அடுத்த கம்பெனில என்ன கேப்பாங்க தெரியுங்களா? "சொந்தக் கம்பெனிக்கு எதிரா எழுதிக் குடுத்தவன் தான நீ"ம்பாங்க. அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அவகிட்டயும் சொல்ல முடியாது. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது.

பயமா இருக்குதுங்க்கா. அவ்வளவுதான். வாசகம், தேதி எல்லாம் சும்மா. வக்கீல் எப்படி எழுதியிருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். எனக்குப் பயமா இருக்குது. அந்தக் காரை விழுந்ததைப் பத்தி நீங்க சொன்னப்ப எனக்கு நெஞ்சு பதறுச்சு, அதுவும் நெசம். ரெண்டும் நெசந்தான். ஆனா பயம் எச்சா இருக்குது.

இப்படிப் பாக்காதீங்க. நீங்க வாய் தெறந்து ரெண்டு வார்த்தை திட்டிட்டாக் கூடப் பரவால்ல.

மனுவை எடுத்து மடிச்சு வெச்சுக்கங்க. நான் எழுதின பக்கம் வேண்டாம், அதைக் குடுங்க, நான் கிழிச்சுக்கறேன். என் கையெழுத்து, அதாவது என் எழுத்து, அதுல இருக்குதுல்ல.

வெறுங்கையோட அனுப்பறனேன்னு எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. இருங்க, ஒண்ணு காட்டறேன். லேப்டாப்பு இங்கதான் இருக்குது. பக்கத்துல வந்து பாருங்க்கா. இது மாவட்டம். கீழ இடது மூலையைப் பாருங்க, அஞ்சு கிலோமீட்டர். கிட்டப் போறேன். பாத்தீங்களா, கோடு தானா மாறுது, ஒரு கிலோமீட்டர், ஐநூறு, எறநூறு, நூறு மீட்டர். எவ்வளவு அமைதியா மாறுது பாத்தீங்களா? இதைத்தான் யாருமே பாக்கலைங்கறேன்.

இதா உங்க ஊரு. ரோடு. தண்ணித் தொட்டி. இந்த நீலத் தகரம் உங்க சமையல் செட்டுங்களா? அப்ப இதுதான் பால்வாடி. இதா, வெள்ளையாத் தெரியறது குவாரி. படம் எடுத்து ஒரு வருஷம் இருக்கும், இப்ப இன்னும் அகலமாயிருக்குமா? பிரிண்ட் எப்படி வரும்னு இங்கயே காட்டும், பாருங்க. பெரிய தாளு போடறேன். மேப்பு விரியுது, கோடும் கூடவே விரியுது. அளந்து காட்டறேன். எறநூத்தி நாப்பது. சுத்தமா எறநூத்தி நாப்பது. நீங்க கயித்துல அளந்தது ரெண்டு மீட்டர்தான் கம்மி.

எங்க தொடறீங்க? இந்த மூலையா? இங்கயா பாய் விரிப்பீங்க? குவாரிப் பக்கத்துச் செவுத்தோரம் ஆச்சே. அந்தப் பக்கத்து சன்னல்லதான் காத்து வருமா. எல்லாரும் ஒரே வரிசையாவா படுப்பாங்க? ஓ. சின்னது உங்க மடிக்குப் பக்கத்துல.

இன்னொரு கையில என்னுங்க, பையில தேடறீங்க? போனா? வேண்டாங்க்கா. போட்டோ வேண்டாம். தேதியோட விழும், கீழ என் பேரு கூட இருக்குது. உங்க மனசு ஆறட்டும்னுதான் காட்டினேன், கொண்டு போறதுக்கு இல்ல. போனை உள்ள வெய்யுங்க. வெச்சுட்டீங்களா?

கேட் சத்தம் கேக்குது. அவ வந்துட்டா.

விரலை எடுங்க்கா. நான் மூடோணும்.